அம்புக்குறிக்கு ஒரு மென்பொருள்

திருச்சி தில்லை நகரில், டாக்டர் மணிமேகலையின் சர்க்கரை நோய் கிளினிக்கில், வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி உண்டு. பதினேழு வருஷமாக அதில் உட்கார்ந்திருப்பவர் ஷரபுன்னிசா. பாலக்கரைக்காரர், வயது நாற்பத்தெட்டு, அஞ்சல் வழியில் பி.காம். படித்தவர். டோக்கன் கொடுப்பது, கோப்பை எடுத்து வைப்பது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வது, இந்த மூன்றும் அவருடைய வேலை. முதல் இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மீதி நேரம் முழுக்க மூன்றாவதற்குத்தான்.

எடையும் ரத்த அழுத்தமும் பார்க்க ஓர் அறை. ரத்தம் கொடுக்க ஓர் அறை. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, புண் ஏதும் உண்டா என்று பார்க்க ஓர் அறை. அதன்பின் டாக்டர், கடைசியில் மருந்து. ஆக மொத்தம் ஐந்தே இடம். ஆனால் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்கள்கூட ஐந்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ரத்தம் கொடுத்தவர் முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேரே கவுன்டருக்கு வருவார்.

"அடுத்து எங்கங்க?"

"பாதம் பாக்கற ரூம் ஐயா. ரத்தம் குடுத்தீங்கல்ல, அதுக்குப் பக்கத்து ரூம்."

"அப்ப நான் வந்த வழியே திரும்பிப் போகணுமா?"

"நீங்க வந்திருக்கவே வேணாம் ஐயா."

இதைப் பற்றி அவர் வீட்டில் புலம்பாத நாள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கணவரோடு மக்காவுக்கு உம்ரா போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பியபோது, கிளினிக் நாறிப்போய்விட்டது என்றும் ஆளாளுக்குத் தப்பான அறைக்குள் நுழைந்தார்கள் என்றும் கேள்விப்பட்டார். அவருக்கு அன்று வந்த சந்தோஷத்தை ஜம்ஜம் தண்ணீர் பாட்டில்களைப் பங்கு வைத்தபோதுகூட முகத்தில் காணவில்லை என்பார் ஜெகபர் அலி. அவர்தான் கணவர். குவைத்தில் பதினாறு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது பாலக்கரையிலேயே அதே வேலையைப் பார்ப்பவர்.

இந்த வருஷம் கிளினிக் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பெரிய வீட்டுக்கு மாறியது. நடுவில் கூடம். கூடத்தின் மத்தியில் கண்ணாடி அடைத்து மருந்துக் கவுன்டர். அதைச் சுற்றி நாலு மூலைக்கு நாலு அறை. வாசல் ஓரம் ஷரபுன்னிசாவின் மேஜை. மாறிய ஒரு மாதத்தில் டாக்டர் அவரைக் கூப்பிட்டார்.

"ஷரபு, சென்னைலேர்ந்து ஒரு கம்பெனி வந்திருக்காங்க. வாசல்ல ஒரு மெஷின் வெப்பாங்க. தொட்டா டோக்கன் வரும், அடுத்து எங்க போகணும்னு திரையில காட்டும். கூட ரெண்டு பொண்ணுங்களும் அனுப்புவாங்க. நீங்க மாடில ரெக்கார்ட் ரூமைப் பாத்துக்கங்க. சம்பளம் அதேதான்."

மாடி ரெக்கார்ட் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே இருப்பவை வருவதை நிறுத்திவிட்டவர்களின் கோப்புகள். சிலர் வேறு டாக்டரிடம் போயிருப்பார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதைக் கோப்பில் எழுதும் வழக்கம் இல்லை.

"மேடம், ஒரு சான்ஸ் குடுங்க. வழியைப் படமாப் போட்டு சுவத்துல மாட்டிடறேன். பாத்தாலே புரியற மாதிரி."

"உங்க கவுன்டர்ல கூட்டம் நிக்கக்கூடாது. அதுதான் எனக்கு வேணும்."

"நிக்காது மேடம்."

"அந்தக் கம்பெனி ஆள் மூணாவது சனிக்கிழமை கையெழுத்து வாங்க வரார். அதுவரைக்கும் டைம்."

வழி சொல்லும் நாற்காலியைக் காப்பாற்ற வேண்டுமானால், யாரும் வழி கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஏதோ இடிக்கிறது என்று பாலக்கரை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஷரபுன்னிசாவுக்குத் தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. குவைத்திலிருந்து வந்தது, விசைகளில் ஆங்கிலத்தோடு அரபியும் உண்டு. அதில் படம் வரைய ஒரு மென்பொருள் வேண்டும், அதுவும் இலவசமாக வேண்டும் என்றார் ஷரபுன்னிசா.

ஜெகபர் அலி காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையைக்கூட ஏன் கொடுக்கிறார் என்று யோசிப்பவர். "ஃப்ரீன்னு சொல்றவன் பின்னாடி எங்கயோ கைய வெப்பான் ஷரபு. நம்ம கலீம் கம்ப்யூட்டர் கடையில சொன்னா, காசு போட்டு வாங்கற பெரிய சாஃப்ட்வேரையே பூட்ட உடைச்சு ஏத்திக் குடுப்பான்."

"பூட்ட உடைச்சா? அதுக்கு வேற பேர் இருக்குங்க."

"ஊரே அப்படித்தான வெச்சிருக்கு."

"ஹஜ்ஜுக்கு எழுதிப் போட்டிருக்கீங்க. அது ஞாபகம் இருக்கட்டும்."

ஆக, இலவசமாக இருக்க வேண்டும், திருடாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது ஜெகபர் அலியின் கட்சி. அதை நிரூபிப்பது போலவே முதல் முயற்சியை அவரே செய்தார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் பதிவிறக்கச் சொல்லும் பச்சைப் பொத்தான்கள் ஏழு இருந்தன. அவர் இருப்பதிலேயே பெரிய பொத்தானை அழுத்தினார். கணினியில் படம் வரையும் மென்பொருள் வரவில்லை. கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று வந்தது. அது வந்த மறுநிமிஷத்திலிருந்து, உங்கள் கணினியில் எண்ணூறு கோளாறுகள் இருக்கின்றன என்று அலற ஆரம்பித்தது. அதை வெளியேற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அதன்பின் ஷரபுன்னிசா தானே உட்கார்ந்தார். இரண்டாவதாகக் கிடைத்தது ஏழு நாளைக்கு இலவசம். வரைந்ததை அச்செடுத்துப் பார்த்தால் குறுக்கே சாம்பல் நிறத்தில், இது சோதனைப் பிரதி என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அது சரியாக ரத்தம் எடுக்கும் அறையின் மேல் விழுந்திருந்தது. ஊசியோடு நிற்பவருக்கே அது முதல் தடவை என்று நோயாளிகள் நினைத்துக்கொள்வார்கள் என்று அதையும் விட்டார்.

மூன்றாவது, உலகத்தில் பலர் சேர்ந்து சம்பளம் வாங்காமல் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கணினியிலேயே இருக்கும், இணையம் வேண்டாம், பெயர்கூடக் கேட்காது. ஆனால் தோற்றம் கருவூல அலுவலகத்துப் படிவம் போல இருந்தது. எல்லாம் சாம்பல். சின்னச் சின்னப் பொத்தான்கள். பெட்டி வரைந்து அதற்குள் "ரத்தப் பரிசோதனை" என்று தட்டினால் எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன.

"இதுக்குத் தமிழ் தெரியாதுபோல," என்று மூடிவிட்டார்.

நாலாவது அழகு. உலாவியிலேயே திறக்கும். ரோஜா நிறம், கடல் நீலம், முனை மழுங்கிய பெட்டிகள், ஊசியும் தராசும் குட்டிக் குட்டிப் படங்களாக. தமிழ் முத்து முத்தாக வந்தது. மின்னஞ்சல் ஒன்றைக் கேட்டது, கொடுத்தார். மூன்று படம் வரை இலவசம் என்றது. மூன்றையும் ஒத்திகையிலேயே தீர்த்துவிட்டுக் கணவர் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்தார். அடிக்கடி மின்தடைக்குப் பழக்கப்பட்ட ஊரில், இணையம் நின்றால் படமும் நின்றுவிடும் என்பதைப் பெரிதாக நினைக்கவில்லை. அழகுக்கு முன் இதெல்லாம் ஒரு குறையா?

வாசலில் ஆரம்பித்து வலதுகைப் பக்கம் எடை அறை, அதற்கு அடுத்து பின்பக்கம் ரத்தம், திரும்பினால் பாதம், இடதுகைப் பக்கம் முன்னால் டாக்டர், நடுவில் மருந்து. கிளினிக் மாறியபோதே அறைகள் ஷரபுன்னிசா சொன்ன வரிசையில்தான் அமைக்கப்பட்டிருந்தன. அம்புகளை அந்த வரிசைக்கே போட்டு, ஃப்ளெக்ஸ் அடித்து, வாசலுக்கு எதிரே மாட்டினார். தரையிலும் அம்பு ஒட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே," என்றார். லேப் டெக்னீஷியன் நவநீதன் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்ரீரங்கத்துக்காரன், பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன். அன்றைக்கு ஏனோ ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். டோக்கன் வாங்கினார். படத்தை மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் படித்தார். "பேஷ்," என்றார். பிறகு இடதுபக்கம் திரும்பி டாக்டர் அறையை நோக்கி நடந்தார்.

"மாமா, வலது பக்கம்!"

"தெரியறதும்மா," என்று சொல்லிக்கொண்டே இடதுபக்கமாகவே போனார்.

அடுத்தவரும் இடது. அதற்கடுத்த அம்மாளும் இடது. அவர் போகிற போக்கில் மருந்துக் கவுன்டரின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எட்டு மணிக்குள் கூடத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. அம்பைப் பார்த்து வலமிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், அம்பைப் பார்த்தும் இடமிருந்து போனவர்கள் ஒரு பக்கம். இரண்டும் பாத அறை வாசலில் நேருக்கு நேர் சந்தித்தன. ஒருவர் கையில் சிறுநீர்க் குப்பி இருந்தது. அப்புறம் அது கையில் இல்லை.

பாலக்கரைப் பூட்டு வியாபாரி நஸ்ருல்லாவும் இடதுபக்கமாகத்தான் வந்து மாட்டிக்கொண்டிருந்தார். "பாய், நீங்களுமா?" என்றார் ஷரபுன்னிசா.

"முன்னாடி போனவர் பின்னாடி போனேம்மா. அவர் நாமம் எல்லாம் போட்டு விவரமானவரா இருந்தார்."

பதினோரு மணிக்குள் கவுன்டருக்கு வழி கேட்டு வந்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர். படம் இல்லாத நாளில் எண்பதுக்கு மேல் போகாது. டாக்டர் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்தப் பார்வை ஷரபுன்னிசாவுக்கு மாடிப்படியின் முதல் படியைப் போல இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ரயில்வேக்காரர் மருந்துப் பையோடு வந்து நின்றார். "கோவிச்சுக்காதேம்மா. படம் நன்னாதான் போட்டிருக்கே. ஆனா கால் அந்தப் பக்கம் போகமாட்டேங்கறது. தெனம் ரங்கநாதரைச் சுத்தற காலோன்னோ."

அவர் போனதும் ஷரபுன்னிசா நேரே லேபுக்குப் போனார்.

"நவநீதன், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

நவநீதன் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானான். "தெரியும்க்கா. நீங்க அப்பிரதட்சிணமா விட்டிருக்கீங்க. நடுவுல ஒண்ணு இருந்தா அது நம்ம வலது கைப் பக்கமா இருக்கற மாதிரிதான் எங்காளுங்க நடப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல நடுவுல ஒரு தூண் இருந்தாக்கூட அப்படித்தான் சுத்திக்கிட்டு வருவாங்க."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உங்கள்ல அப்படிதானேக்கா? மக்காவுல இடது கைப் பக்கமா வெச்சு சுத்துவாங்கன்னு நீங்கதான் போயிட்டு வந்தப்ப போட்டோ காட்டி சொன்னீங்க. அதான், அக்கா அவங்க முறைப்படி போட்டிருக்காங்க, நாம போயி தப்புன்னு சொன்னா நல்லாருக்காதுன்னு..."

"அடப்பாவி. நான் முறையும் நினைக்கல ஒண்ணும் நினைக்கல. சும்மா வலது கைலேர்ந்து ஆரம்பிச்சேன்."

"நான் மரியாதைக்காக சும்மா இருந்தேன்க்கா."

"உங்க மரியாதையில நான் மாடிக்குப் போகப் போறேன்."

ஒருவர் மனதை ஒருவர் புண்படுத்தக்கூடாது என்ற நல்லெண்ணத்தால் திருச்சியில் எத்தனையோ காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒரு சிறுநீர்க் குப்பி உடைந்தது அந்த வரிசையில் சேர வேண்டியது.

வீட்டில் ஜெகபர் அலி விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அங்க ஏழு சுத்து சுத்தினேல்ல, கை தன்னால அந்தப் பக்கமே போயிருக்கு."

"நீங்க வேற. சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் இடம் வலமாப் புரட்டணும். படத்தையும் புரட்டணும், கிளினிக்கையும் புரட்டணும்."

மறுநாள் அழகான மென்பொருளைத் திறந்தார். இடவலமாகப் புரட்டும் வசதி அதில் இருக்கத்தான் இருந்தது. பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு குட்டிக் கிரீடமும் இருந்தது. கிரீடம் உள்ளவை சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். சரி, கையாலேயே நகர்த்தலாம் என்று எடை அறைப் பெட்டியை இழுத்தார். பெட்டி வந்தது, அம்பு வரவில்லை. அது பழைய இடத்திலேயே, யாரும் இல்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டு நின்றது. பெட்டியும் அம்பும் ஒட்டிக்கொள்வதற்கும் ஒரு கிரீடம் இருந்தது. ஒவ்வோர் அம்பாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது இணையம் போயிற்று. வந்தபோது பாதிப் படம்தான் இருந்தது.

ஷரபுன்னிசா சாதாரணமாக அழுபவர் இல்லை. கணினியை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டதை ஜெகபர் அலி பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கணினியைத் திறந்து எதையோ நோண்டினார்.

"இது என்ன ஷரபு, சாம்பக் கலர்ல?"

"அது சம்பளம் வாங்காதவங்க எழுதினது. அதுக்குத் தமிழ் வராது."

"பாக்க கம்ப்ரஸர் கம்பெனிக்காரன் குடுக்கற சர்வீஸ் புக்கு மாதிரியே இருக்கு." அவர் வாயில் இதைவிடப் பெரிய புகழ்ச்சி வந்ததில்லை. "அதுல அழகு இருக்காது, பொய்யும் இருக்காது. தமிழ் வரலேன்னா எழுத்து மாத்திப் பாத்தியா?"

"எழுத்தா?"

எழுத்துருக்களின் பட்டியல் ஒரு முழம் நீளம் இருந்தது. ஆங்கிலம், அரபி, ஆங்கிலம், அரபி என்று போய் அடியில் ஒரே ஒரு தமிழ் எழுத்துரு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. அதைத் தேர்ந்ததும் கட்டங்கள் எல்லாம் "ரத்தப் பரிசோதனை" ஆயின. இரண்டு வாரமாக அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என்று ஷரபுன்னிசா சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கத் தெரியாதது இவருக்குத்தான் என்று அது ஒருபோதும் எதிர்த்துப் பேசவில்லை.

அம்பின் ஒரு முனையை ஒரு பெட்டியில் வைத்தார். சின்னதாக ஒரு புள்ளி சிவந்தது. மறுமுனையை இன்னொன்றில் வைத்தார். பிறகு பெட்டியை இழுத்துப் பார்த்தார். எங்கே போனாலும் அம்பு கூடவே வந்தது. மேலே போனால் மேலே, மூலைக்குப் போனால் மூலைக்கு.

"பாருங்க, பாருங்க, வருது!"

"நான்தான் சொன்னேனே."

"நீங்க ஃப்ரீயா கிடைக்கவே கிடைக்காதுன்னுதான் சொன்னீங்க."

படம் முழுவதையும் தேர்ந்து, புரட்டு என்ற கட்டளையைக் கொடுத்தார். வலதில் இருந்தவை இடதுக்குப் போயின, இடதில் இருந்தவை வலதுக்கு வந்தன. எழுத்துகள் மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போல் ஆகாமல் நேராகவே நின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி ஆறிப்போனது. இரண்டு பேருக்கும் அது ஞாபகமே வரவில்லை.

கணினியில் வீட்டைப் புரட்ட ஒரு கட்டளை போதும். தில்லை நகரில் அதைச் செய்ய டாக்டரின் சம்மதம் வேண்டும். புரட்டினால் டாக்டரின் அறை இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்குப் போக வேண்டும். அந்த இடது அறையில்தான் வேப்பமர நிழல் விழும் ஜன்னலும் ஏ.சி.யும் இருந்தன. திங்கட்கிழமை ஷரபுன்னிசா இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். இப்போது இருப்பது ஒன்று, புரட்டியது ஒன்று.

டாக்டர் மணிமேகலை கோயில் குளம் என்று போகாதவர். அவர் அப்பா தன் கல்யாணத்துக்கே ஐயரைக் கூப்பிடாதவர். "இது கிளினிக்கா, கோயிலா ஷரபு? அம்பு போட்டா அம்பு பாத்து நடக்கணும். அப்படித்தான் பழக்கணும்."

"சரிங்க மேடம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காலைல வந்ததும் எல்லா ரூமையும் ஒரு ரவுண்ட் பாப்பீங்கல்ல, எந்தப் பக்கமாப் போறீங்க?"

"எந்தப் பக்கமாவோ. அதையெல்லாம் யாரு கவனிச்சா?"

"நான் எதுர உக்காந்துதான மேடம் இருக்கேன். உங்க ரூம் இடது கைப் பக்கம் முதல் ரூம். வலது பக்கமா ஆரம்பிச்சா கடைசியில நேரா உங்க ரூமுல வந்து முடியும். நீங்க தெனமும் உங்க ரூமைத் தாண்டிப் போயி, எல்லாத்தையும் சுத்தி, வாசல் வழியா மறுபடி உங்க ரூமுக்கு வர்றீங்க."

டாக்டர் முதல் தாளைப் பார்த்தார். விரலால் மெல்ல வழியைத் தடவிப் பார்த்தார். விரல் இடதுபக்கமாகத்தான் போயிற்று. அவசரமாக அதை எடுத்துக்கொண்டார்.

"ஏ.சி.யை யார் மாத்தறது?"

புதன்கிழமை மாலை ஜெகபர் அலி ஏணியோடு வந்தார். பின்பக்க அறை இரண்டிலும் தண்ணீர்க் குழாய் இருந்ததால் லேபை மாற்றுவதில் சிரமம் இல்லை. நவநீதன் நுண்ணோக்கியைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தான். அதையும் கடிகாரச் சுற்றாகவே கடந்தான் என்று ஷரபுன்னிசா குறித்துக்கொண்டார். புதிய படம் சாம்பல் நிறப் பெட்டிகளோடு சுவரேறியது. பழையதில் பாதி அழகுகூட இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை கதவு திறந்தது. ரயில்வேக்காரர் டோக்கன் வாங்கினார், படத்தைப் படிக்காமலே இடதுபக்கம் திரும்பினார், எடை பார்த்தார், ரத்தம் கொடுத்தார், பாதம் காட்டினார், டாக்டரைப் பார்த்தார், மருந்தோடு வாசலுக்கு வந்தார். இடையில் ஒரு தடவைகூட கவுன்டர் பக்கம் வரவில்லை. அவருக்குப் பின்னால் நஸ்ருல்லா, அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கூடம் மெதுவாக ஒரே திசையில் சுழன்றது. பத்து மணி வரை கவுன்டருக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர், "போர்டுல சரியாத்தான் போட்டிருக்கு, இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு," வந்தவர்கள்.

பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக ஷரபுன்னிசாவுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்த அம்மாளைக் கவனித்தார். மண்ணச்சநல்லூரிலிருந்து முதல் தடவையாக வந்திருப்பவர், பெயர் செல்லக்கிளி, அரிசி ஆலையில் வேலை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர் பாத அறை வாசலில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டிப் போய் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டார். இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஷரபுன்னிசா நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவர் எழுந்து போன அடுத்த நிமிஷம் சென்னைக் கம்பெனிக்காரர் அடைக்கலராஜ் தோல்பையோடு உள்ளே வந்தார். டாக்டரும் வெளியே வந்தார். இருவர் கண்ணிலும் பட்டது காலி கவுன்டர், காலி நாற்காலி.

"மேடம், பாருங்க," என்றார் அடைக்கலராஜ் உற்சாகமாக. "இவ்ளோ ஸ்மூத்தாப் போகுதுன்னா கவுன்டருக்கு ஆளே வேணாம். எங்க மெஷின் ஒண்ணு போதும்."

டாக்டருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கூட்டம் நிற்கக்கூடாது என்று கேட்டிருந்தார், நிற்கவில்லை. அப்படியானால் நாற்காலி எதற்கு? "ஷரபு எங்க?" என்றார்.

ஷரபுன்னிசா டாக்டர் அறை வாசல் பெஞ்சில் செல்லக்கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"காலக் காட்ட மாட்டேங்க," என்று செல்லக்கிளி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி கால நீட்டினாரு. வெரல எடுத்துட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு. நீட்டினாத்தான எடுப்பாங்க?"

"யாரும்மா எடுக்கப் போறா? அந்த ரூமுல கத்தியே கெடையாது. ஒரு நூலை வெச்சுத் தொடுவாங்க, தெரியுதான்னு கேப்பாங்க. அவ்ளோதான்."

"நெசமாவா?"

"நானே காட்டியிருக்கேன். எனக்கும் சக்கரை இருக்கு. வாங்க, நான் கூட வரேன். கூசுச்சுன்னா ரெண்டு பேரும் சிரிச்சுக்கலாம்."

செல்லக்கிளி பெஞ்சிலிருந்தே காலை நீட்டினார். பாதத்தின் அடியில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு புண். மஞ்சள் பொடி அப்பியிருந்தது. ஷரபுன்னிசாவைத் தேடி அடைக்கலராஜோடு அங்கே வந்த டாக்டர் குனிந்து பார்த்தார். அழுத்தினார். ஓரங்களைப் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"நல்லவேளை இப்ப காட்டினீங்க. மருந்துலயே ஆறிடும். கட்டு மாத்த வாரத்துக்கு ரெண்டு தடவை வரணும். வருவீங்களா?"

"இந்தம்மா இருப்பாங்களா?" என்றார் செல்லக்கிளி, ஷரபுன்னிசாவைக் காட்டி.

டாக்டர் தனக்குப் பின்னால் நின்ற அடைக்கலராஜைத் திரும்பிப் பார்த்தார். "பாதம் காட்டாம நழுவிப் போறவங்கள உங்க மெஷின் கண்டுபிடிக்குமா சார்?"

"அதுக்குத் தனியா ஒரு மாட்யூல் இருக்கு மேடம். அடுத்த வருஷம் வந்துடும்."

"அப்ப அடுத்த வருஷம் பேசிக்கலாம்." பிறகு செல்லக்கிளியிடம், "இருப்பாங்கம்மா. வாசலைப் பாத்த மாதிரியே உக்காந்திருப்பாங்க," என்றார்.

அடைக்கலராஜ் நல்ல மனிதர். கிளம்பும்போது படத்தின் முன் நின்று பார்த்தார். "எந்த சாஃப்ட்வேர்ல போட்டீங்க?" என்று கேட்டு, சொன்னதும் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார். "ஃப்ரீயா?" என்றார். அந்தக் கேள்வியில் ஜெகபர் அலியின் குரல் கேட்டது.

மதியம் கூடம் காலியான பின் டாக்டரும் அந்தப் படத்தின் முன் வந்து நின்றார். முதல் தடவையாக அதை ஒழுங்காகப் படித்தார் என்று நினைக்க வேண்டியிருந்தது.

"ஷரபு, எல்லாம் இருக்கு. உங்க நாற்காலி எங்க?"

ஷரபுன்னிசா பார்த்தார். வாசல் இருந்தது, நாலு அறையும் மருந்தும் இருந்தன. முதல் படத்திலும் நாற்காலியைப் போடவில்லை, புரட்டியதிலும் போடவில்லை. கழிப்பறையைக்கூட மறக்காமல் போட்டவருக்கு இது தோன்றவே இல்லை.

"போட்டுடறேன் மேடம்."

அன்று மாலை பாலக்கரையில் அதைப் போட உட்கார்ந்தார். பெட்டி சுலபமாக வந்தது. உள்ளே என்ன எழுதுவது என்றுதான் யோசனை. "விசாரணை" என்று எழுதினார், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது, அழித்தார். "உதவி" என்று எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் "ஷரபுன்னிசா" என்றே எழுதினார்.

"இதுக்கு அம்பு எங்கேர்ந்து?" என்றார் பின்னால் நின்ற ஜெகபர் அலி. "வழியில இல்லாத பெட்டிக்கு அம்பு எதுக்கு?"

ஷரபுன்னிசா பாத அறையிலிருந்து ஒரு புள்ளிக்கோட்டை இழுத்துக்கொண்டு வந்து தன் பெட்டியில் வைத்தார். புள்ளி சிவந்தது. பிறகு ரத்த அறையிலிருந்து ஒன்று. டாக்டர் அறையிலிருந்தும் ஒன்று.

"போதும், போதும். அப்புறம் மறுபடி எல்லாரும் உன்கிட்டயே வந்து நிப்பாங்க."

"கொஞ்சம் பேர் வரட்டுங்க," என்றார் ஷரபுன்னிசா, மருந்துக் கவுன்டரிலிருந்து இன்னொரு கோட்டை இழுத்துக்கொண்டே.